தெப்பத்துக்கு வந்த சர்வே ஸ்டாண்ட்

நம் வயதுக்காரர்களுக்கு இப்போது ஒரு புது வியாதி வந்திருக்கிறது. எங்கே போனாலும் இரவில் படம் எடுத்தாக வேண்டும். போன வாரம் நம் பழைய வகுப்புக் குழுவில் ஒருத்தி பௌர்ணமி நிலா என்று ஒன்றை அனுப்பியிருந்தாள். அதைப் பொரித்த அப்பளம் என்று நினைத்து, நானும் நன்றாக உப்பியிருக்கிறது என்று பதில் போட்டுவிட்டேன். இன்னொருவர், கல்யாண நாளுக்கு மனைவி வாங்கித் தந்ததாக ஒரு மூன்றுகால் ஸ்டாண்டின் படத்தைப் போட்டு, இதை வைத்து என்ன செய்வது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். எல்லாரும் சேர்ந்து என்னைக் கைகாட்டிவிட்டீர்கள். சரி, சொல்கிறேன். ஆனால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுச் சொல்ல எனக்கு வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பதினொரு வயதில், ஒரு தை மாதம், மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் மூன்று இரவுகளில் தெரிந்துகொண்டது. கதையைச் சொல்லாமல் பாடத்தைச் சொல்ல முடியாது. முழங்கால் தைலத்தைத் தடவிக்கொண்டு சௌகரியமாக உட்காருங்கள்.

அப்போது நாங்கள் தெற்கு மாட வீதியில் ஒரு பழைய வீட்டின் மாடிப் பகுதியில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, அக்கா, நான், அப்பாவின் தமக்கையான அத்தை. அப்பாவுக்கு சர்க்கார் வேலை. சாலை போடுவதற்கு முன்னால் நிலத்தை அளந்து, மேடு பள்ளம் பார்த்துச் சொல்லும் சர்வே பிரிவு. அத்தை பாட்டு வாத்தியார். காலையும் மாலையும் எங்கள் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் உட்கார்ந்து ஸரளி வரிசை பாடும். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பௌதிகம் படித்து முடிக்கப் போகிறாள். அதற்கு மேல் என்ன என்று வீட்டில் எல்லாரும் ஆளுக்கொன்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவள் அடையாறு பக்கம் இருந்த ஒரு கல்லூரியிலிருந்து ஒளிப்பதிவுப் படிப்புக்கு ஒரு விண்ணப்பப் படிவம் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

அந்தப் படிவத்தை நானும் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். விண்ணப்பிப்பவர் தானே எடுத்த ஆறு படங்களை இணைக்க வேண்டும். அதில் ஒன்று இரவில், பிளாஷ் போடாமல் எடுத்ததாக இருக்க வேண்டும். கடைசியில் தந்தை அல்லது காப்பாளர் கையெழுத்து. மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும்.

அப்பா அதை இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ராத்திரி எடுத்த படம் வேணுமாமே. சரி, முதல்ல படத்தை எடு. அப்பறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்."

அக்காவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும் அப்போது புரியவில்லை, இப்போது நன்றாகப் புரிகிறது. அது சம்மதம் இல்லை. எங்கள் வீட்டில் விளக்கு வைத்தபின் பெண்கள் வாசல்படி தாண்டக் கூடாது. ராத்திரிப் படம் எங்கே எடுப்பாள்? இல்லை என்று வாயைத் திறந்து சொல்லாமலே காரியத்தை முடித்துவிட்டதாக அப்பா நினைத்தார். அன்று ராத்திரி அவர் இரண்டு வாய் மோர் சாதம் அதிகமாகச் சாப்பிட்டார் என்று அம்மா பிற்பாடு சொன்னாள்.

ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். வருஷத்தில் மூன்று ராத்திரி மயிலாப்பூரில் ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காமல் எல்லாரும் வாசலில்தான் இருப்பார்கள். தைப்பூசத் தெப்பம். அந்த வருஷம் நல்ல மழை பெய்து குளத்தில் தண்ணீரும் இருந்தது. எங்கள் மொட்டைமாடியில் நின்றால் குளம் முழுதும் காலடியில் தெரியும். அந்த மூன்று ராத்திரியை விட்டால் அக்காவுக்கு வேறு ராத்திரி கிடையாது.

கேமரா இருந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வீடியோவுக்கு மாறியதும் தன் பழைய கேமராவைத் தோல் பையோடு அக்காவிடம் கொடுத்திருந்தார். அந்தத் தோல் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. அதன் தலையில் ஒரு வட்டு. அதில் எண்களுக்குப் பக்கத்தில் 'பி' என்று ஒரே ஓர் எழுத்து. வட்டை அங்கே திருப்பி வைத்தால், நாம் அழுத்திக்கொண்டிருக்கும் வரைக்கும் கேமரா கண்ணை மூடாது. இருட்டில் பிளாஷ் எதற்கும் ஆகாது, பத்தடிக்கு மேல் அதன் வெளிச்சம் போகாது, கேமராவின் கண்ணைப் பல நொடிகள் திறந்து வைத்து வெளிச்சத்தைச் சேர்ப்பதுதான் வழி என்று அக்கா நூலகப் புத்தகத்தில் படித்திருந்தாள். அத்தனை நொடிகளும் கேமரா ஒரு மயிரிழை ஆடக் கூடாது. ஆகவே ஸ்டாண்ட் வேண்டும். அதுதான் இல்லை.

ஸ்டாண்ட் இருக்கிறது என்று கண்டுபிடித்தது நான். எங்கள் பரணில், கல்யாணப் பாத்திரங்களுக்குப் பின்னால், மூன்று தேக்குக் கால்களும் இரும்பு முனைகளுமாக ஒன்று படுத்திருந்தது. அப்பாவின் ஆபீஸில் பழையது என்று கழித்துப் போட்ட சர்வே ஸ்டாண்ட். அடுப்புக்குப் போய்விடுமே என்று மனசு கேட்காமல் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார். வந்த நாளிலிருந்து அதன்மேல் பழைய மெத்தைகள்தான் சவாரி செய்துகொண்டிருந்தன. அப்பா ஆபீஸ் போன சமயம் பார்த்து, ஸ்டூல்மேல் ஸ்டூல் போட்டு அதை இறக்கினேன். என் உயரத்துக்கு மேலே ஒரு முழம் இருந்தது. என்மேல் விழாதது என் அதிர்ஷ்டம்.

ஸ்டாண்டின் தலையில் இருந்த பித்தளைத் திருகு கட்டைவிரல் கனம். கேமராவின் அடியில் இருந்த ஓட்டை சுண்டுவிரல் நுனி. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ராயப்பேட்டையில் அப்பா தன் ஆபீஸ் சாமான்களைப் பழுது பார்க்கும் லேத் பட்டறை ஒன்று இருந்தது. அதன் பாயிடம் நானும் அக்காவும் ரிக்‌ஷாவில் ஸ்டாண்டைப் போட்டுக்கொண்டு போனோம். பாய் ஸ்டாண்டையும் பார்த்தார், கேமராவையும் பார்த்தார்.

"இன்னாம்மா இது, இது மேல ஆனையே குந்தலாம் போல கீது. இத்துனூண்டு பொட்டியை வெக்கவா தூக்கிக்கினு வந்தீங்க?"

"ராத்திரில போட்டோ எடுக்கணும் பாய். கொஞ்சம்கூட ஆடக் கூடாது."

"ஆடாது. நான் போட்டுத் தர்றேன்ல, பூகம்பமே வந்தாலும் ஆடாது. நைனாவுக்குத் தெரியுமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தெருவைப் பார்த்தேன்.

"தெரியும் பாய்" என்றேன்.

மறுநாளே கீழே கட்டைவிரல் திருகும் மேலே சுண்டுவிரல் திருகுமாக ஒரு பித்தளைக் கட்டையை, எண்ணெய் பளபளக்க, பாய் கையில் வைத்தார். ஆக, புது ஸ்டாண்டோடு முழித்துக்கொண்டிருக்கும் நண்பரே, கேளுங்கள். கேமரா சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, ஸ்டாண்ட் கனமாக இருக்கட்டும். லேசாக இருக்கிறதே என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால் அதை வாங்காதீர்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் நடுவில் ஒரு பையைக் கட்டி, கல்லைப் போட்டுத் தொங்கவிடுங்கள்.

இனி நொடிக் கணக்கு. எட்டு நொடி, பதினாறு நொடி, இருபத்துநாலு நொடி என்று மாற்றி மாற்றி எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தது புத்தகம். இருட்டில் கடிகாரம் தெரியாது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் பக்கத்து வெளிச்சம் கேமராவுக்குள் போய்விடும். அக்கா தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து அத்தை சொன்னாள்.

"எட்டுதானே? ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம். நான் போடறேன். நாப்பது வருஷமா அதைத்தானே போட்டுண்டிருக்கேன்."

சோதித்துப் பார்த்தோம். சுவர்க் கடிகாரத்துக்கு எதிரில் அத்தை தொடையில் தட்டி, விரல் எண்ணி, வீசினாள். எட்டு எண்ணிக்கைக்கு எட்டு நொடி, பிசகே இல்லை. "கடிகாரம் சரியாத்தான் ஓடறது" என்று அத்தை சான்றிதழ் கொடுத்தாள்.

எனக்குக் கிடைத்த வேலை கறுப்பு அட்டை. என் நோட்டின் கனத்த அட்டையைக் கிழித்துக் கறுப்புத் தாள் ஒட்டியது. விரலால் கேமராவை அழுத்தினால் அந்த அழுத்தத்திலேயே அது ஆடிவிடும். அதனால் தோல் பையில் கூடவே இருந்த ஒரு முழ நீளக் கம்பியைச் செருகி, அதன் முனையை அக்கா அழுத்துவாள். அப்போது நான் கேமராவின் கண்ணை அட்டையால் மறைத்திருப்பேன். எல்லாம் அடங்கியதும் அத்தையின் முதல் தட்டுக்கு அட்டையை எடுப்பேன், கடைசி வீச்சுக்கு மறைப்பேன். நடுவில் காரின் விளக்கு அடித்தால் இரண்டு எண்ணிக்கை மறைத்துவிட்டுத் திரும்பத் திறப்பேன். இன்றைக்கு உங்கள் போன் இதையெல்லாம் தானே செய்கிறது என்கிறீர்கள். செய்யட்டும். சாமி வருகிற நேரத்தில் உலகமே என் கையில் இருந்த அந்த அட்டைக்காகக் காத்துக்கொண்டிருந்தது என்று நான் நம்பினேன். அந்தச் சந்தோஷம் போனுக்குத் தெரியாது.

முதல் நாள். மாடி முழுக்க ஜனம். எங்கள் வீட்டில் குடியிருந்த ஐந்து குடும்பமும், அவர்களுடைய சொந்தக்காரர்களும். குளத்துப் பாசி வாசனை, ஜெனரேட்டர் புகை, யாரோ தலையில் வைத்திருந்த மல்லி, எல்லாம் சேர்ந்து காற்றில் வந்தன. வண்ண பல்புகள் சூடிக்கொண்டு தெப்பம் கிளம்பியது. கரையில் நின்றவர்கள் வடத்தைப் பிடித்து இழுக்க, தண்ணீரில் இன்னொரு தெப்பம் தலைகீழாகக் கூடவே வந்தது. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அத்தை தட்டினாள். நான் அட்டையை எடுத்தேன்.

அப்போதுதான் தெப்பத்தில் உட்கார்ந்திருந்த நாதஸ்வரக்காரர் ஆலாபனையை ஆரம்பித்தார்.

ஆலாபனைக்குத் தாளம் கிடையாது என்பது உங்களில் பாட்டுக் கற்றுக்கொண்டவர்களுக்குத் தெரியும். அத்தையின் கை நாலாவது எண்ணிக்கையில் அப்படியே நின்றது. கண் மூடிக்கொண்டது. தலை மட்டும் மெல்ல ஆடியது. நான் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், கை வரவில்லை. அக்கா கம்பியை அழுத்திக்கொண்டு நிற்கிறாள், விரல் நோகிறது.

"அத்தை, கை!"

"உஷ்ஷ். என்னமா புடிக்கறான் பாரு."

அன்று ஒவ்வொரு படத்துக்கும் இதே கதி. எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை நொடி, என்ன நடந்தது என்று எழுதி வையுங்கள் என்பது நல்ல யோசனை. நானும் எழுதி வைத்தேன். 'மூன்றாம் படம்: அத்தை நின்றுவிட்டாள். நான்காம் படம்: அத்தை அழுகிறாள். ஐந்தாம் படம்: அத்தை பலே என்றாள்.' மறுநாள் மத்தியானம் லஸ் பக்கத்து ஸ்டுடியோவில் கழுவிக் கொடுத்தார்கள். எல்லாம் வெள்ளை வெளேர் என்று சுண்ணாம்புச் சுவர். எட்டு நொடி திறக்க வேண்டிய கண்ணை நாங்கள் இரண்டு நிமிஷம் திறந்து வைத்திருந்தோம்.

அக்கா குளியலறைக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள். இரண்டே ராத்திரிதான் பாக்கி. அத்தை வாசல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் பஞ்சு கொண்டா. ரெண்டு காதுக்கும். நாதஸ்வரத்துக்குக் காதை அடைச்சுக்கறது ஜன்மத்துல இதுதான் முதல் தடவை. ஸ்வாமி மன்னிச்சுடுவார். அந்த வித்வான் மன்னிப்பாரோ, தெரியலை."

இரண்டாம் நாள் ராத்திரி அத்தை பஞ்சோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். கை கடிகாரம்போல விழுந்தது. மூன்று படம் எடுத்திருப்போம். மாடிப் படியில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு வருகிறவர். அதை மறந்து ஏறுகிறார் என்றால் ஏதோ நடந்திருக்கிறது. நடந்தது இதுதான்: ஆபீஸிலிருந்து வரும் வழியில் லேத் பட்டறையில் சைக்கிளை நிறுத்தியிருக்கிறார். பாய் சும்மா இருப்பாரா?

"சார், ஸ்டாண்ட் எப்டி, கல்லு மாரி நிக்குதா? பொண்ணு போட்டோ புடிச்சா நம்மளுக்கும் ஒண்ணு குடுக்கச் சொல்லுங்க சார்" என்றிருக்கிறார்.

ஜனத்தை விலக்கிக்கொண்டு அப்பா வந்து நின்றார்.

"யாரைக் கேட்டு இதைப் பரண்லேர்ந்து இறக்கினேள்?"

"நான்தான் இறக்கினேன்பா" என்றேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா பேச வாயைத் திறந்தார். அவர் கண் ஸ்டாண்டின் கால்மேல் விழுந்தது. வாய் மூடிக்கொண்டது. குனிந்து பார்த்தார்.

"இப்படியா கால் வெப்பா? முன்னால ஒரு கால், பின்னால ரெண்டு. இது என்ன, மூணும் மூணு திக்குல? என் பையில ரசமட்டம் இருக்கு, எடுத்துண்டு வா, ஓடு."

நான் ஓடினேன். திரும்பி வந்தபோது அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஸ்டாண்டின் திருகுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார். ரசமட்டத்தை வைத்து, குமிழ் நடுவுக்கு வரும்வரை காலைத் தள்ளித் தள்ளிச் சரி செய்தார். அப்படியும் அவருக்குத் திருப்தி இல்லை. அம்மா கையிலிருந்த காபி தம்ளரை வாங்கித் தரையில் வைத்தார்.

"பார்."

பார்த்தோம். பக்கத்தில் குழந்தைகள் ஓடும்போதெல்லாம் காபி வட்டம் வட்டமாக நடுங்கியது.

"ஸ்டாண்ட் ஆடலை. மாடியே ஆடறது. இத்தனை பேர் நடமாடற எடத்துல கருவியை வெச்சா கோபுரம் நாலு கோபுரமாத்தான் விழும். கருவி தரையில நிக்கணும்."

"அப்போ நாளைக்கு?" என்றாள் அக்கா.

அப்போதுதான் அப்பாவுக்குத் தாம் கோபமாக வந்தது நினைவுக்கு வந்தது. எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஸ்டாண்ட் கோணலா நின்னா எனக்குப் பொறுக்கலை, அவ்வளவுதான். படம் வேற, கையெழுத்து வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே."

அன்று ராத்திரி அப்பா அத்தையிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அத்தை பஞ்சை எடுக்க மறந்திருந்ததால் அவர் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. "பொண்ணால முடியாதுன்னு நான் சொல்லலைக்கா. தெருவுல நிக்கற வேலை. வெயில், மழை, போறவன் வரவன் எல்லாம் வேடிக்கை பார்ப்பான், கேலி பண்ணுவான். முப்பது வருஷம் ஸ்டாண்டோட நின்னவன் நான். எனக்குத் தெரியாதா? இவளும் நிக்கணுமா?" பதினொரு வயதில் அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. அக்காவின் எதிரி என்று முடிவு கட்டினேன். இன்று என் பிள்ளைகளை எதற்கெல்லாம் வேண்டாம் என்று தடுத்தேன் என்று எண்ணிப் பார்க்கும்போது, அப்பாமேல் பாவமாக இருக்கிறது. அவர் தடுத்தது அவளை இல்லை, தான் பட்டதை.

மூன்றாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கே அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டார். ஸ்டாண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு குளத்துக்கு இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன். படிகளில் மேலும் கீழும் நடந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, கல்லிடுக்குகளில் இரும்பு முனைகள் பதிகிற ஓர் இடத்தைப் பிடித்தார். நடுவில் தன் பித்தளைத் தூக்குக்குண்டைக் கனத்துக்காகத் தொங்கவிட்டார். பிறகு பக்கத்துப் படியில் பேப்பரை விரித்துக் காவல் உட்கார்ந்தார்.

பொரி விற்கிறவர் வந்து நின்றார். "இன்னா சார், அளக்கறீங்க? குளத்தைத் தூர்த்துக் கட்டடம் கட்டப் போறாங்களா?"

"இல்லைப்பா. என் பொண்ணு போட்டோ எடுக்கப் போறா."

"இத வெச்சா?"

"இத வெச்சுத்தான்."

போகிற வருகிற எல்லாரும் கேட்டார்கள். அப்பா எல்லாருக்கும் பதில் சொன்னார். நாலாவது ஐந்தாவது ஆளுக்குச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்தது. அதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று தெரிந்ததும் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

வெளிச்சம் இருக்கும்போதே இடம் பிடித்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். முழு இருட்டு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சூரியன் போனபின் வானம் பேனா மைபோல ஒரு நீலத்துக்கு வரும், கால் மணி நேரம்தான் இருக்கும். விளக்குகளும் எரிய, வானமும் சாகாமல் இருக்கிற அந்த நேரம்தான் ராத்திரிப் படத்துக்கு முகூர்த்தம். அன்று அந்த நீலத்தில் கோபுரத்து பல்புகள் எரிந்தபோது அக்கா அத்தையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "என்னமா இருக்கு" என்று ஏதோ புதிதாக மயிலாப்பூருக்கு வந்தவள் மாதிரி சொன்னாள்.

தெப்பம் கிளம்பியது. மூன்றாம் நாள்தான் சுற்று அதிகம், கூட்டமும் அதிகம். அத்தை காதில் பஞ்சு. நான் அட்டையோடு. அப்பா கேமராவுக்கு முன்னால், இரண்டு படி தள்ளி இடது பக்கமாக நின்று, யாரும் குறுக்கே வராமல் பார்த்துக்கொண்டார். தான் படத்தில் விழமாட்டோம் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தன் கருவியின் குழல் வழியாக முப்பது வருஷம் உலகத்தைப் பார்த்தவர். அதில் தெரிவது கையகலம்தான். நேர்கோட்டிலிருந்து இரண்டு எட்டு தள்ளி நின்றால் ஆள் தெரியாது. கேமரா அதைவிட எவ்வளவோ அகலமாகப் பார்க்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

கடைசி சுற்று. படச்சுருளில் மிச்சம் ஒரே ஒரு படம். அக்கா கம்பியைப் பிடித்தாள். மூன்று ஆவர்த்தனம், இருபத்துநாலு நொடி. அதே நேரம் குளத்தைச் சுற்றி வந்த ஒரு பெரிய குடும்பம், குழந்தைகளும் கூடைகளுமாக, சாமியை நன்றாகப் பார்க்க எங்கள் படியை நோக்கித் திமுதிமுவென்று ஏறி வந்தது.

"நில்லுங்கோ! ஒரு நிமிஷம் நில்லுங்கோ, ஸ்டாண்ட் இருக்கு!"

அதுவரை ஓரமாக நின்ற அப்பா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அவர்களுக்கு எதிரில் போய் நின்றார். அத்தை தட்டினாள். நான் திறந்தேன். என் கண் அத்தையின் கையிலேயே இருந்தது. கூட்டம் அலைமோதும் சத்தம் கேட்டது, யாரோ திட்டினார்கள், ஒரு குழந்தை அழுதது, நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. அத்தையின் கை மட்டும் பிசகவே இல்லை. கடைசி வீச்சுக்கு மறைத்தேன். நாங்கள் மூவரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டோம்.

எடுப்பதற்கு முன்னால் படத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை பாருங்கள், வேண்டாதது ஏதாவது உள்ளே நிற்கிறதா என்று. எல்லாப் புத்தகமும் இதைச் சொல்லும். நான் சொல்ல மாட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ஸ்டுடியோ உறையை அக்கா கூடத்தில் பிரித்தாள். மற்ற படங்கள் நன்றாகவே வந்திருந்தன. நீல வானம், அசையாத கோபுரம், தெப்பம் போன வழியெல்லாம் தண்ணீர்மேல் பொன்கோடுகள். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அக்கா கடைசிப் படத்தை எடுத்தாள். அதைத் தனியே வைத்தாள்.

அப்பா ஆபீஸிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு, ஒன்றும் தெரியாததுபோல வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கோபுரம் செங்குத்தாக நிற்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார். நின்றது. கடைசிப் படத்துக்கு வந்தார். அதில் கோபுரம் இருந்தது, பொன்கோடுகள் இருந்தன. கூட்டம் முழுவதும் புகையாகக் கரைந்திருந்தது, ஒரு முகம்கூட இல்லை. அந்தப் புகைக்கு எதிரில், வெள்ளை அரைக்கைச் சட்டையில், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓர் ஆளின் முதுகு மட்டும் கல்லில் வெட்டினதுபோல நின்றது.

அப்பாவின் புருவம் சுருங்கியது.

"எல்லாம் நன்னா வந்திருக்கு. யாரு இந்த மனுஷன்? நட்ட நடுவுல மறைச்சுண்டு நிக்கறான்?"

தன் முதுகை யார்தான் பார்த்திருக்கிறோம்?

"நீதான்டா" என்றாள் அத்தை.

அப்பா படத்தைக் கிட்டே கொண்டுவந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நான் நின்னது உனக்குத் தெரியலையா?" என்று அக்காவைக் கேட்டார்.

"தெரிஞ்சுதுப்பா."

"ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? நகர்ந்திருப்பேனே."

"நீங்க நகர்ந்திருந்தா அத்தனை பேரும் ஸ்டாண்ட் மேல விழுந்திருப்பா."

அப்பா படத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கை நீட்டினார். அக்காவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய்ப் படிவத்தையும் அவர் பேனாவையும் கொண்டுவந்து கொடுத்தேன்.

அத்தனை ஜனத்துக்கு முன்னால் இருபத்துநாலு நொடி ஆடாமல் நின்ற மனிதர், படிவத்தைப் பார்க்காமல் படத்தையே பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணலாகத்தான் விழுந்தது. ஆனாலும் கல்லூரியில் அதை ஏற்றுக்கொண்டார்கள்.